மிஞ்சிய பழத்துக்கு எந்த வழி கட்டுப்படியாகும்?

மே மாதம் பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். ஊத்துக்கோட்டை, திருத்தணி, மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குழுக்கள் கேட்கின்றன. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டே ஊரில் தோப்பு வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். "நல்ல காய் கோயம்பேட்டுக்குப் போய்விடுகிறது. பொடிசு, அடிபட்டது, தோல் கறுத்தது எல்லாம் தோப்பிலேயே தங்குகிறது. நாங்கள் முப்பது நாற்பது பேர் சேர்ந்து ஒரு ஜூஸ் ஃபேக்டரி போடலாமா? மானியம் கிடைக்குமாமே?"

போடலாம். ஆனால் பெரும்பாலான குழுக்களுக்கு அது முதலில் செய்ய வேண்டிய வேலை இல்லை என்பது என் கருத்து. ஃபேக்டரியைத் தவிர இன்னும் மூன்று வழிகள் இருக்கின்றன. பழத்தை அப்படியே நகரத்தில் விற்கலாம், வேறொருவர் ஆலையில் கூலிக்குக் கூழ் அடித்து வாங்கலாம், உலர்த்தவோ உப்பிடவோ செய்யலாம். நான்கையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்காமல் நேராக இயந்திர விலைப்பட்டியலைக் கையில் எடுப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இழப்பு எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். லூதியானாவில் இருக்கும், அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசின் சிபெட் ஆராய்ச்சி நிறுவனம் 2015-ல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, அறுவடையிலிருந்து சில்லறைக் கடை வரை வீணாவது கொய்யாவில் 15.88 சதவீதம், மாம்பழத்தில் 9.16 சதவீதம், வாழையில் 7.76 சதவீதம், பப்பாளியில் 6.70 சதவீதம். 2022-ல் நபார்டு வங்கியின் ஆலோசனை நிறுவனமான நாப்கான்ஸ் செய்த ஆய்விலும் கொய்யாதான் முதலிடம், 15.05 சதவீதம். இது அளவில் போனது மட்டும். அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்ட பழம் இந்தக் கணக்கில் வராது. விவசாயிக்கு அதிகம் வலிப்பது அந்த இரண்டாவது நஷ்டம்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, பழம் யாருடையது? நம் பக்கத்து மாந்தோப்புகளில் நிறைய பூவிலோ பிஞ்சிலோ குத்தகைக்குப் போய்விடுகின்றன. வியாபாரி முன்பணம் கொடுத்து மரத்தை எடுத்துக்கொண்டால், கழித்த காயும் அவருடையதுதான். குழுவில் 40 பேர் இருக்கலாம், ஆனால் சொந்தமாகப் பறிப்பவர் பத்துப் பேர் என்றால் உங்கள் கையில் இருக்கும் சரக்கு அந்தப் பத்துப் பேருடையது மட்டும். ஏக்கர் கணக்கை வைத்து ஆலைத் திறனை முடிவு செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது பழத்தின் புளிப்பு. அதை அளப்பது பி.எச். என்ற எண், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பி.எச். 4.6-க்குக் கீழே இருக்கும் பழத்தைச் சூடாக்கி, சுத்தமான பாட்டிலில் சூட்டோடு அடைத்து மூடினால் பெரும்பாலும் பாதுகாப்பு. அந்தப் புளிப்பில் பாட்டுலிசம் நஞ்சைத் தரும் கிருமி வளராது. மா, கொய்யா, எலுமிச்சை, நெல்லி எல்லாம் பொதுவாக இந்தப் பக்கம். பப்பாளி, தர்பூசணி, நன்றாகப் பழுத்த வாழை அந்தப் பக்கம். அவற்றைக் கூழாக வைக்க வேண்டுமென்றால் சிட்ரிக் அமிலம் சேர்த்துப் புளிப்பைக் கூட்ட வேண்டும், ஒவ்வொரு தொகுதிக்கும் பி.எச். மீட்டரில் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். கைப்பக்குவத்தை நம்பி விட்டுவிடக்கூடிய வேலை இல்லை அது. தர்பூசணிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சூடு பட்டதும் வாசனை மாறி, வேகவைத்த பூசணி மணம் வந்துவிடும். 2025 கோடையில், சாயம் ஏற்றிய பழம் என்ற பேச்சு சென்னையில் பரவி தர்பூசணி விற்பனை விழுந்தபோது, "இதைப் பதப்படுத்த முடியாதா?" என்று பலர் கேட்டார்கள். சிறு குழுவுக்கு அதில் வழி மிகக் குறைவு. தர்பூசணிக்காரர்கள் கீழே முதல் வழியை மட்டும் படித்தால் போதும்.

மூன்றாவது, வருடத்தில் எத்தனை நாள் வேலை ஓடும்? நான்காவது, பணம் எப்போது கைக்கு வரும்? கமிஷன் மண்டியில் விலை குறைவாகப் போனாலும் ரொக்கம் உடனே வருகிறது, அவசரத்துக்கு முன்பணமும் கிடைக்கிறது. உங்கள் கூட்டுறவு மூன்று மாதம் கழித்துப் பணம் தரும் என்றால், உறுப்பினர் முகத்துக்கு நேரே தலையாட்டிவிட்டு இரவோடு இரவாக மண்டிக்கு வண்டியை அனுப்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசியாக, கழிவு என்று நீங்கள் சொல்வது எது? சின்னது, கோணல், பால் வடிந்து தோல் கறுத்தது, கிளை உரசித் தழும்பானது, கொஞ்சம் அதிகம் கனிந்தது, இவையெல்லாம் பதப்படுத்த நல்ல சரக்கு. பழ ஈ வைத்த புழுப் பழம், பூஞ்சை பிடித்தது, புளித்துப்போனது எதற்கும் ஆகாது. கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைப் போடலாம் என்ற யோசனையும் வேண்டாம். பூஞ்சையின் நஞ்சு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை, சூட்டில் முழுதாகப் போவதும் இல்லை. இந்த இரண்டு வகையையும் தனித்தனிக் கிரேட்டில் (பிளாஸ்டிக் பெட்டியில்) போடப் பழகாத குழுவுக்கு, எந்த வழியும் உதவாது.

## ஒரே பார்வையில்

| | நகரத்தில் பழமாகவே விற்பது | கூலிக்குக் கூழ் | உலர்த்தல், உப்பிடல் | சொந்தக் கூடம் |
|---|---|---|---|---|
| முதலீடு | கிரேட், தராசு, வண்டி | நடைமுறை மூலதனம் மட்டும் | சில லட்சம் | பல பத்து லட்சம் |
| எவ்வளவு பழத்தை உள்வாங்கும் | நடுத்தரம், தினசரி | மிக அதிகம் | குறைவு | திறனைப் பொறுத்து |
| பணம் வரும் காலம் | சில நாள் முதல் சில வாரம் | மாதங்கள் | வாரங்கள் முதல் மாதங்கள் | மாதங்கள் |
| மறைந்திருக்கும் செலவு | கடன் பாக்கி, சேதாரம் | வண்டி வாடகை, கூழ் விளைச்சல் தகராறு | ஆள்கூலி, மழை | ஓடாத நாட்களின் செலவு |
| ஏற்ற பழம் | எல்லாம் | மா, கொய்யா, தக்காளி | மாங்காய், நெல்லி, பப்பாளிக்காய் | மூன்று நான்கு பருவப் பழங்கள் |

## வழி 1: தரம் பிரித்து நகரத்திலேயே விற்பது

இதைப் பதப்படுத்தல் என்று யாரும் சொல்வதில்லை. அதனாலேயே பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். சென்னையில் ஜூஸ் கடை, கேன்டீன், கல்யாண கான்ட்ராக்டர், ஐஸ்கிரீம் போடுபவர் யாருக்கும் தோலின் அழகு தேவையில்லை. கனிவும் இனிப்பும் ஒரே சீராக இருந்தால் போதும். தோப்பிலேயே பிரித்து, இரண்டாம் ரகத்தை மண்டிக்கு அனுப்பாமல் நேரே இவர்களுக்குக் கொடுத்தால், கமிஷனும் ஒரு முறை இறக்கி ஏற்றும் கூலியும் மிச்சம். பல்லாவரம், நங்கநல்லூர் போன்ற உழவர் சந்தைகளில் வீட்டுக்காரர்களும் ஊறுகாய்க்கும் சாறுக்கும் இரண்டாம் ரகத்தைக் கேட்டு வாங்குவார்கள்.

மறைந்த செலவு தினசரி ஒழுங்கில் இருக்கிறது. ஜூஸ் கடைக்குத் தினம் 30 கிலோ வேண்டும். ஒரே நாளில் 300 கிலோ கொடுத்துவிட்டுப் பத்து நாள் காணாமல் போனால் அவர் அடுத்த முறை போனை எடுக்க மாட்டார். பாக்கி நிற்கும், கிரேட் திரும்பி வராது. இன்னொன்று, முதல் ரகமும் இரண்டாம் ரகமும் ஒரே தெருவில் விற்றால் இரண்டாம் ரகம் முதல் ரகத்தின் விலையை இழுத்துவிடும். அதனால் வாங்குபவர்களைப் பிரித்து வைக்க வேண்டும்.

காயாகப் பறித்ததைப் பழுக்க வைக்க வேண்டுமென்றால் எத்திலீன் வாயு அறை தேவை. 100 பி.பி.எம். வரை, அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு வரை, விதி அனுமதிக்கிறது. கார்பைடு கல் தடை செய்யப்பட்டது, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஒரே வழியில் சாய்ந்திருப்பதன் ஆபத்தை 2020 மே மாதம் எல்லோரும் பார்த்தோம். கோயம்பேடு மூடப்பட்டது, பழ வியாபாரம் மாதவரத்துக்குப் போனது, மண்டியைத் தவிர வேறு முகவரி தெரியாதவர்களின் சரக்கு அழுகியது. பத்து நேரடி வாடிக்கையாளர்கள் இருந்தவர்களும் சிரமப்பட்டார்கள்தான், ஆனால் ஓரளவு சமாளித்தார்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று டன்னுக்கு மேல் கழியாத குழுவுக்கு, நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கும் தோப்புக்கு, இதுவே போதும். வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

## வழி 2: கூலிக்குக் கூழ் அடித்து வாங்குவது

கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும் மாம்பழக் கூழ் ஆலைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. சீசன் முடிந்தால் அவையும் சும்மா கிடப்பவைதான். பழத்தை நாம் கொண்டு போய், கூலி கொடுத்து, கூழாக வாங்கி வரலாம். கிருமி நீக்கிய பையில் அடைத்த டிரம் என்றால் ஒன்றில் ஏறக்குறைய 215 கிலோ. திறக்காத வரை குளிர்பதனம் வேண்டாம். தகர டப்பா என்றால் வழக்கமாக 3.1 கிலோ. சிறு குழுவுக்கு டப்பாதான் கை கொடுக்கும். டிரம் திறந்துவிட்டால் உடனே தீர்க்க வேண்டும், அதை வாங்கக்கூடியவர் பெரிய கம்பெனிக்காரர் மட்டுமே. டப்பாவை ஒரு ஹோட்டல் சமையலறையும் வாங்கும்.

ஒரு கிலோ கூழுக்குச் சுமார் இரண்டு கிலோ பழம் போகும். கொட்டையும் தோலும் போக 50 முதல் 55 சதவீதம் நிற்கும், ரகத்தைப் பொறுத்து கொஞ்சம் கூடலாம். கழிவுப் பழத்தைக் கிலோ 8 ரூபாய் என்று மதிப்பிட்டால் கூழில் பழத்தின் பங்கு மட்டுமே 16 ரூபாய். அதன் மேல் வண்டி, கூலி, டப்பா, திரும்பும் வண்டி. திருத்தணியிலிருந்து சித்தூர் கிட்டத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி என்றால் சென்னையிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். கனிந்த பழத்தை அவ்வளவு தூரம் லாரியில் அடுக்கினால் அடியில் இருப்பது வழியிலேயே கூழாகிவிடும். காயாக எடுத்துப் போய் ஆலையில் பழுக்க வைக்க இடம் கேட்டு வாங்க வேண்டும்.

ரகச் சிக்கல் இதைவிடப் பெரியது. கூழ் வியாபாரம் பெரும்பாலும் அல்போன்சா, பெங்களூரா (கிளிமூக்கு) இரண்டையும் சுற்றியே நடக்கிறது. பெங்களூராக் கூழ் என்றால் 14 பிரிக்ஸ் என்ற இனிப்பு அளவு எல்லோருக்கும் தெரியும், விலை பேசுவது சுலபம். நம் திருவள்ளூர் தோப்புகளின் ருமானிக்கும் பங்கனப்பள்ளிக்கும் அப்படி நிலைத்த கூழ் சந்தை கிடையாது. கூழ் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு வாங்குபவரிடமும் மாதிரி கொடுத்து, ருசி காட்டி, தனியாக விலை பேச வேண்டும்.

ஆலையோடு பேசும்போது மூன்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள். நம் பழத்தைத் தனியாக ஓட்டுவார்களா, மற்றவர் பழத்தோடு கலப்பார்களா? குறைந்தபட்சம் எத்தனை டன் இருந்தால் தனி ஓட்டம்? நூறு கிலோவுக்கு எத்தனை கிலோ கூழ் கணக்கு? கடைசியில் வரும் சண்டை எல்லாம் இந்த மூன்றாவதில்தான்.

பெரிய ஆபத்து, விளைச்சல் எகிறும் வருடத்தில் இந்தக் கதவு மூடிக்கொள்வது. 2025-ல் அதுதான் நடந்தது. முந்தைய வருடக் கூழ் ஆலைகளில் விற்காமல் தேங்கியிருந்தது, புது விளைச்சல் கொட்டியது, பெங்களூரா விலை சரிந்தது. ஆந்திராவில் கிலோவுக்கு 12 ரூபாய் என்று வைத்து, 8 ரூபாயை ஆலையும் 4 ரூபாயை அரசும் தருவதாக ஏற்பாடு செய்தார்கள். தங்கள் விவசாயியைக் காக்க, அந்த ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநில பெங்களூராவுக்குத் தடையும் போட்டது. கர்நாடக முதல்வர் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆலையை மட்டும் நம்பித் திட்டம் போடும் திருத்தணிக் குழு இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சித்தூரில் ஒன்று, கிருஷ்ணகிரியில் ஒன்று என்று இரண்டு இடத்திலும் பேசி வைப்பது நல்லது, இரண்டாவது செலவு கூடினாலும்.

சீசனில் 20 டன்னுக்கு மேல் ஒரே ரகம் கழிகிறது, வாங்க ஒருவர் வாய்மொழியாகவாவது ஒப்புக்கொண்டிருக்கிறார், மூன்று நான்கு மாதம் பணம் முடங்கினாலும் தாங்கும் என்றால் இந்த வழி.

## வழி 3: உலர்த்தல், உப்பிடல்

ஏப்ரல், மே மாதக் காற்றில் உதிரும் காய்க்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. பழுக்காத மாங்காயைப் பழக்கூழ் ஆலை எடுக்காது. அதை வெட்டி 15 முதல் 20 சதவீத உப்பு நீரில் டிரம்மில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும், ஊறுகாய் போடுபவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வெயிலில் காய்ந்தால் மாங்காய் வற்றல். நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பதுதான். குழு செய்ய வேண்டியது, துண்டின் அளவையும் உப்பின் அளவையும் எல்லா டிரம்மிலும் ஒன்றாக வைப்பது.

பழத்தை உலர்த்தும் கணக்கு வேறு. 100 கிலோ மாம்பழத்தில் சதை 60 கிலோ என்று வைத்தால், ஈரம் 15 சதவீதத்துக்கு வரும்போது கையில் மிஞ்சுவது 12, 13 கிலோ. விலை கிலோவுக்கு உயர்ந்து தெரியும், ஆனால் எட்டுக் கிலோ பழமும் அதைத் தோல் சீவி அறுத்த கூலியும் அதற்குள் இருக்கின்றன. அறுக்கும் கூலிதான் இங்கே கொல்லும் செலவு. பத்துப் பெண்கள் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு குட்டி யானை வண்டிப் பழத்தைத் தீர்ப்பது கஷ்டம். ஆகவே டன் கணக்கில் மிஞ்சும் பழத்துக்கு இது வடிகால் ஆகாது. நல்ல ரகத்தில் கொஞ்சம் எடுத்து நல்ல விலைக்கு விற்கும் வழி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வானிலையும் ஒத்துழைக்க வேண்டும். நம் கடற்கரையோரக் காற்றில் ஈரம் அதிகம். ஏப்ரல், மேயில் காய்வது ஜூன், ஜூலை மாலை மழையில் காயாது. ஐப்பசி, கார்த்திகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாலிகார்பனேட் கூடார உலர்த்திக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் உண்டு. அது தூசியையும் ஈயையும் தடுக்கும், நேரத்தைக் குறைக்கும். ஆனால் வெயிலே இல்லாத நாளில் அதுவும் சும்மாதான் நிற்கும். மின்சார உலர்த்தியைத் துணைக்கு வைத்தால் கரன்ட் பில் ஏறும். உப்பு நீரை எங்கே கொட்டுவது என்பதையும் முன்கூட்டி யோசிக்க வேண்டும். தோப்பில் கொட்டினால் மண் போய்விடும்.

பப்பாளிக்காரர்களுக்கு ஒரு தகவல்: விற்காத பப்பாளியைக் காயாகவே எடுத்தால் பேக்கரிக்கு வேண்டிய டூட்டி ஃப்ரூட்டி ஆகும். கனியவிட்டால் அந்த வாய்ப்பு போச்சு.

மகளிர் சுய உதவிக் குழு நடத்த இது ஏற்ற அளவு. 2020-ல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் தரும் பிரிவும் இருந்தது. ஐந்து வருடத்துக்கு என்று வகுத்த திட்டத்தைப் பிறகு 2025-26 வரைக்கும் நீட்டித்தார்கள், அதனால் விண்ணப்பிக்கும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் இப்போதைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

## வழி 4: சொந்தக் கூட்டுறவுக் கூடம்

"ஆவின் மாதிரி நாமும் செய்யலாமே" என்பது வழக்கமான வாதம். பால் தினம் இரண்டு வேளை, வருடம் முழுக்க வருகிறது. மாம்பழம் மூன்று மாதம் கொட்டிவிட்டு நின்றுவிடும். மிச்சம் ஒன்பது மாதமும் கடன் வட்டி, வாட்ச்மேன் சம்பளம், குறைந்தபட்ச மின்கட்டணம் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்களை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். கூடம், இயந்திரம், கொதிகலன் சேர்த்து 60 லட்சம். 35 சதவீத மானியம் என்றால் 21 லட்சம். குழுவின் கைப்பணம் 10 சதவீதம், 6 லட்சம். மிச்சம் 33 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி, வருடம் 3.3 லட்சம். மானியம் போன 39 லட்சத்தைப் பத்து வருடத்தில் கழித்தால் தேய்மானம் 3.9 லட்சம். மேலாளர், வாட்ச்மேன், மின்கட்டணம், காப்பீடு, பரிசோதனை எல்லாம் சேர்த்து 5 லட்சம். மொத்தம் 12.2 லட்சம். பழமே அரைக்காவிட்டாலும் இது போகும்.

தினம் 2 டன் வீதம் 60 நாள் ஓட்டினால் 120 டன். ஒரு கிலோ பழத்தின் தலையில் 10 ரூபாய் விழுகிறது, கூழில் 20 ரூபாய். 180 நாள் ஓட்டினால் 360 டன், பழத்துக்கு 3 ரூபாய் 40 காசு. அதே ஆலை, அதே கடன். ஆக, மாவை மட்டும் வைத்துக் கூடம் கட்டக் கூடாது. மாவுக்குப் பிறகு கொய்யா, நெல்லி, தக்காளி என்று வரிசையாக மூன்று நான்கு சரக்காவது உறுதியாக வர வேண்டும். கூழ் பிரிக்கும் இயந்திரம் சல்லடையை மாற்றினால் தக்காளியையும் ஓட்டும். சந்தை விழுந்து சாலையோரம் கொட்டப்படும் தக்காளி ஒரு வருடத்தில் பல வாரம் கிடைக்கும். மாந்தோப்புக் குழு தக்காளிக்காரர்களையும் உறுப்பினராகச் சேர்க்க மனசு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து, என்ன பொருள் செய்வது? ஏறக்குறைய எல்லாத் திட்ட அறிக்கையிலும் ஸ்குவாஷும் ஜாமும் இருக்கும். விதிப்படி ஸ்குவாஷில் குறைந்தது 25 சதவீதம் பழச்சாறு, உடனே குடிக்கும் பானத்தில் 10 சதவீதம், ஜாமில் 45 சதவீதம் பழம். ஸ்குவாஷையே எடுத்துக்கொள்வோம். ஒரு டன் கழிவுப் பழம், 500 கிலோ கூழ், அதிலிருந்து 2,000 கிலோ ஸ்குவாஷ். 700 மில்லி பாட்டிலில் அடைத்தால் 2,400 பாட்டில். ஒரு டன்னுக்கே இவ்வளவு. சீசனுக்கு 50 டன் கழியும் குழு 1,20,000 பாட்டில் விற்க வேண்டும். சென்னை சூப்பர் மார்க்கெட் அலமாரியில் இடம் பிடிக்க என்ன கொடுக்க வேண்டும், விற்காததைத் திருப்பி அனுப்பினால் யார் ஏற்பது என்று கேட்டுப் பாருங்கள். பழத்தைக் காப்பாற்றக் கிளம்பிய குழு சர்க்கரையும் பாட்டிலும் லேபிளும் வாங்கும் தொழிலில் போய் நிற்கும், பழமோ தோப்பில் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அளவில் பழத்தை விழுங்குவது கூழ்தான். ஸ்குவாஷும் ஜாமும் பெயர் வாங்கித் தரும், கையில் கொஞ்சம் லாபமும் தரும்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜாமுக்கும் பழக்கூழ் பானத்துக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது நல்ல விஷயம். அது எல்லோருக்கும் குறைந்தது, போட்டியாளருக்கும் சேர்த்து.

மானியத்தைப் பற்றி ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. குறு உணவுப் பதப்படுத்தும் திட்டத்தின் 35 சதவீதம் கையில் வந்து விழும் பணம் இல்லை. வங்கிக் கடனோடு சேர்த்து ஒதுக்கி வைக்கப்படும். கடன் ஒழுங்காகக் கட்டப்பட்டு, மூன்று வருடம் கழித்தும் தொழில் நடந்துகொண்டிருந்தால்தான் கழித்துக்கொள்வார்கள். இரண்டாம் வருடம் பூட்டினால் முழுக் கடனும் தலையில்.

பிற செலவுகளையும் வேகமாகச் சொல்கிறேன். உணவுப் பாதுகாப்பு உரிமம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வகச் சோதனை, நல்ல தண்ணீர், மும்முனை மின்சாரம். உள்ளே வரும் பழத்தில் பாதி தோலும் கொட்டையுமாக வெளியே போகும். இரண்டு நாள் கிடந்தால் ஊரே மூக்கைப் பிடிக்கும். மாட்டுக்குப் போடலாம், எரு ஆக்கலாம், சாண எரிவாயுக் கலத்தில் கலக்கலாம். எதுவானாலும் முதல் நாளே இடம் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு உறுப்பினர் கை விரிப்பது. விலை விழுந்த வருடம் எல்லோரும் பழத்தோடு வாசலில் நிற்பார்கள். விலை ஏறிய வருடம் ஒருவரும் வரமாட்டார்கள், ஆலை பட்டினி கிடக்கும். கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்தாலும், பத்துப் பேர் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிந்தாலும், இதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை. "என் விளைச்சலில் இத்தனை சதவீதம் எந்த விலையிலும் தருவேன்" என்ற ஒப்பந்தமும், பழம் இறங்கிய அன்றே பாதிப் பணம் தரும் சுழல்நிதியும் இருந்தால் ஓரளவு பிடித்து நிறுத்தலாம்.

வெற்றி பெற்ற இடங்களும் இருக்கின்றன. ஆனால் அவை எப்படி நடந்தன என்று பார்க்க வேண்டும். இமாச்சலில் 1974-ல் தொடங்கிய எச்.பி.எம்.சி. கழகம் கழித்த ஆப்பிளை வாங்கிச் சாறாக்குகிறது. அங்கே வாங்கும் விலையை அரசு நிர்ணயிக்கிறது, நஷ்டத்தைத் தாங்கும் தோளும் அரசுடையது. நாசிக்கின் சஹ்யாத்ரி உழவர் நிறுவனம் திராட்சையைப் பழமாகவே ஏற்றுமதி செய்து வளர்ந்தது, பதப்படுத்தும் ஆலைகள் பின்னால் வந்தன. வாங்குபவரும் தரம் பிரிக்கும் பழக்கமும் முதலில் வந்துவிட்டன என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

வருடத்துக்கு 150 நாளாவது ஓடும் அளவுக்குப் பல பருவச் சரக்கு, இரண்டு சீசனாவது கூலிக்கு அடித்து விற்ற அனுபவம், அந்தக் கூழை மறுபடி கேட்கும் வாடிக்கையாளர், சம்பளத்துக்கு ஒரு உணவுத் தொழில்நுட்பம் படித்தவர், இந்த நான்கும் இருந்தால் கூடம் கட்டுங்கள். திண்டிவனத்தில் சிப்காட் உணவுப் பூங்கா இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், கழிவு வசதியைத் தனியாக உருவாக்குவதோடு அங்கே இடம் எடுப்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொருளை முதலில் சிறு அளவில் செய்து பார்க்க, தஞ்சாவூரில் இருக்கும் நிஃப்டெம் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் தொழில் ஊக்குவிப்பு மையத்தில் இயந்திரங்கள் இருக்கின்றன. 60 லட்சம் போடும் முன் அங்கே போய் வருவது வீண் செலவு ஆகாது.

## யார் எதை எடுக்கலாம்

தர்பூசணி, பப்பாளிப் பழம், வாரம் இரண்டு மூன்று டன்: முதல் வழி. உதிர்காய் அதிகம், வேலைக்குக் கைகள் இருக்கின்றன: மூன்றாவது. பெங்களூராவோ வேறு ஒரே ரகமோ 20 டன்னுக்கு மேல்: இரண்டாவது. ருமானி, பங்கனப்பள்ளி கலந்த தோப்பு என்றால் முதல் வழியைப் பிடித்துக்கொண்டு, மிஞ்சுவதில் ஒரு லோடை மட்டும் கூழாக்கி டப்பாவில் விற்றுப் பாருங்கள். அதுவே சந்தை ஆய்வு. கொய்யாக்காரர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் அதிகம், புளிப்பு சரியாக இருக்கிறது, மகசூல் ஒரே மாதத்தில் கொட்டாது. நான்காவது வழிக்குக் குழுவில் கொய்யா இருப்பது பெரிய பலம்.

குத்தகைக்குப் போகும் தோப்புக்காரர்கள் குத்தகைச் சீட்டிலேயே ஒரு வரி சேர்க்கலாம்: உதிர்காயும் கழித்த பழமும் தோப்புக்காரருக்கு. வியாபாரி முன்பணத்தில் கொஞ்சம் குறைக்கப் பார்ப்பார். குறைக்கும் தொகையையும் அந்தப் பழத்தின் மதிப்பையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

எந்த வழியானாலும் பேச வேண்டிய மாதம் ஜனவரி, பிப்ரவரி. மரம் பூத்திருக்கும்போது ஆலையில் தேதி கிடைக்கும், ஊறுகாய்க் கம்பெனி மாதிரி வாங்கிப் பார்க்க நேரம் ஒதுக்கும், கான்ட்ராக்டர் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்வார். மே கடைசியில் போனால் ஆலை வாசலில் லாரி வரிசை நிற்கும். அன்றைக்கு அவர்கள் சொல்வதுதான் விலை.